ஐம்பது தாண்டிய நால்வர்

எஹலியகொடைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் பெரிய கிளாக்கராக இருந்தபோது, என் ஐம்பத்து நான்காவது வயதில், ஒரு கோல்ஃப் அணிக்குத் தலைவனானேன். யாழ்ப்பாணத்தில் இருக்கும் என் உறவினர்கள் இதை இன்றும் நம்புவதில்லை. கோல்ஃப் துரைமாரின் ஆட்டம். கிளாக்கர் அவர்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுக்கிறவன். அவர்கள் நினைப்பதில் தவறில்லை. ரப்பர் விலை விழுந்திருக்காவிட்டால் நானும் அந்த மட்டையைத் தொட்டிருக்க மாட்டேன்.

விலை விழுந்ததும் சுற்றுவட்டாரத் துரைமாரில் பலர் சீமைக்குக் கப்பலேறிவிட்டார்கள். அவர்களுடைய கிளப் எங்கள் தோட்டத்து எல்லையில்தான் இருந்தது. ஓயா என்ற சிற்றாற்றை ஒட்டிய சரிவில், ரப்பர் மரங்களுக்கு நடுவே புல் வளர்த்து, ஒன்பது குழிகள் வெட்டியிருந்தார்கள். முன்பெல்லாம் சனி ஞாயிறுகளில் அங்கே கார்கள் வரிசையாக நிற்கும். இப்போது நாலைந்து பேர்தான் மிஞ்சியிருந்தார்கள். எங்கள் துரைக்கு வார நாட்களில் சேர்ந்து ஆட ஆளில்லை. ஒரு மாலை ஒப்பிசு வாசலில் வந்து நின்று, வேலை முடிந்ததா என்று கேட்டார். முடிந்தது என்றேன். அப்படியென்றால் வந்து ஒரு மட்டையைப் பிடியும் என்றார்.

ஆட்டத்தின் விதி எளிது. ஒரு சிறிய வெள்ளைப் பந்தை அடித்து அடித்துக் கொண்டுபோய்த் தூரத்தில் இருக்கும் குழியில் போட வேண்டும். யார் குறைந்த அடியில் போடுகிறாரோ அவருக்கு அந்தக் குழி; அதிகக் குழி எடுத்தவருக்கு ஆட்டம். ஆனால் முதல் நாள் நான் பந்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அடித்தேன். புல்லை அடித்தேன், மண்ணை அடித்தேன், என் கணுக்காலை அடித்தேன். கால் வீங்கி வீட்டுக்கு வந்தபோது மனைவி எண்ணெய் சூடாக்கிக்கொண்டே கேட்டாள்.

"இஞ்சாருங்கோ, உங்களுக்கு விசரே? இவ்வளவு வயசுக்குப் பிறகு பந்தடிக்கப் போறியள்?"

"துரை கூப்பிட்டார்."

"துரை ஓயாவுக்குள்ள குதியெண்டால் குதிப்பியளோ?"

ஓயாவுக்குள் குதிக்கவும் நேர்ந்தது, பந்தைத் தேடி. ஆனால் மூன்றாம் மாதம் ஒருநாள் மட்டை பந்தில் சரியாகப் பட்டது. அந்தச் சத்தம் என் முழங்கை வரை வந்தது. பந்து ரப்பர் மரங்களின் உச்சிக்கு மேலே போய், வெயிலில் ஒரு கணம் நின்று, பிறகு எங்கோ தூரத்தில் இறங்கியது. அன்றிலிருந்து எனக்கு அழைப்பு வேண்டியிருக்கவில்லை.

மெல்ல மெல்ல மற்ற உத்தியோகத்தர்களும் வந்தார்கள். துரை திங்கட்கிழமை மாலைகளை எங்களுக்கென்று ஒதுக்கிக் கொடுத்தார். கிளப் கட்டிடத்துக்குள் போக அனுமதி இல்லை. மைதானத்தில் ஆடலாம், தேநீரை நாமே கொண்டுபோய் மாமரத்தடியில் குடிக்கலாம். நாங்கள் அதையும் ஒரு கிளப் என்று சொல்லி, ஒரு கொப்பி வாங்கி, அங்கத்தவர் பெயர்களை எழுதிக்கொண்டோம்.

பலாங்கொடைப் பக்கத்துத் தேயிலைத் தோட்ட உத்தியோகத்தர்களும் இப்படியே ஒரு கிளப் நடத்துகிறார்கள் என்று எங்களுக்கு அவர்களுடைய கடிதம் வந்த பிறகுதான் தெரியும். ஒரு சிநேகபூர்வமான ஆட்டத்துக்கு வருகிறோம் என்று எழுதியிருந்தார்கள். ஒரு பக்கத்துக்கு நாலு பேர். எல்லோரும் ஐம்பது வயது தாண்டியவர்களாக இருக்க வேண்டும். இரண்டு இரண்டு பேராகச் சோடி சேர்ந்து ஆடுவது. ஒரு சோடிக்கு ஒரே பந்து. ஒருவர் மாறி ஒருவர் அடிக்க வேண்டும். பதில் எழுதியவன் நான் என்பதால் தலைவனும் நானே என்று எல்லோரும் சொல்லிவிட்டார்கள்.

எங்களில் ஐம்பது தாண்டியவர்கள் மூன்றே பேர். நான் ஒருவன். மற்றவர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர். என் ஊருக்குப் பக்கத்து ஊர்க்காரர், வெள்ளைக் கோட்டு இல்லாமல் வெளியே வரமாட்டார், சிரிக்கவும் மாட்டார். மூன்றாமவர் ஓய்வுபெற்ற சிங்களப் போஸ்ட் மாஸ்டர். டவுனில் இருந்து சைக்கிளில் வருவார். பல ஆண்டுகள் தமிழருக்குத் தந்தி வாசித்துக் காட்டியதில் தமிழ் நன்றாகவே பேசுவார்.

"கிளாக்கர் மாத்தயா, நான் ரெடி. முழங்கால் மட்டும் ரெடி இல்ல, நே?" என்றார். சிங்களத்தில் மாத்தயா என்றால் ஐயா, நே என்றால் இல்லையா.

நாலாவது ஆளை நான் மனதில் தேர்ந்து வைத்திருந்தேன். எங்கள் தலைக் கங்காணி. வயது அறுபதை நெருங்கியிருக்கும். இளமையில் ஒரு பழைய துரைக்கு மட்டைப் பை சுமந்தவர். அந்தத் துரை ஊர் திரும்பும்போது ஓர் இரும்பு மட்டையை அவருக்கு விட்டுப் போயிருந்தார். காலையில் பேர் கூப்பிடும் பிரட்டு முடிந்து தொழிலாளர் மலைக்குப் போன பிறகு, யாரும் பார்க்காத நேரம் பார்த்து, அவர் அந்த ஒரே மட்டையால் அடிப்பதை நான் இரண்டு முறை கண்டிருக்கிறேன். தலைப்பாகை, கோட்டு, மடித்துக் கட்டிய வேட்டி, வெறுங்கால். அடி எப்போதும் ஒன்றுதான். மணிக்கட்டை ஒரு சுண்டு சுண்டுவார். பந்து சொன்ன இடத்துக்குப் போகும்.

டிஸ்பென்சரிடம் சொன்னதும் அவர் மருந்துப் போத்தலைக் கீழே வைத்தார்.

"கங்காணியோ? அவன் கிளப்பில அங்கத்தவனோ?"

"நேற்றுப் பின்னேரம் கொப்பியில பேர் எழுதிப்போட்டன்."

"அவனோட சோடி சேர்ந்து ஆடுறது ஆர்?"

"நீர்தான்."

"என்ர மரியாதை என்ன ஆகிறது காணும்?"

"டொக்டர், உம்மட மரியாதை போன கிழமை ஏழு பந்தோட ஓயாவுக்குள்ள போயிட்டுது. அதை எடுத்துத் தரக்கூடிய ஆள் கங்காணி ஒருத்தர்தான்."

இரண்டு நாட்கள் அவர் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் ஓர் ஆளிடம் சீட்டு அனுப்பினார்: வருகிறேன், ஆனால் கங்காணியோடு ஆட்டத்துக்கு வெளியே பேச வேண்டிய கட்டாயம் எனக்கில்லை. நான் அந்தச் சீட்டைக் கிழித்துப் போட்டேன். கங்காணியிடம் போய்ச் சொன்னபோது அவர் தலைப்பாகையை அவிழ்த்துத் திரும்பக் கட்டினார்.

"ஐயா, நாங்க அங்க பை தூக்கிக்கிட்டுத்தான் நடந்திருக்கோம். அடிச்சா தொர ஒண்ணும் சொல்ல மாட்டாருங்களா?"

"துரையைக் கேட்டாச்சு. சிரிச்சார்."

"அப்ப சரிங்க. ஆனா எனக்குச் சப்பாத்து ஆகாதுங்க. போட்டா நடக்கவே தெரியாது."

துரைமார் எல்லோரும் குதிரைப் பந்தயம் பார்க்கக் கொழும்புக்குப் போன ஒரு சனிக்கிழமை பலாங்கொடைக்காரர் வந்தார்கள். பஸ்ஸில் இருந்து முதலில் மட்டைப் பைகள் இறங்கின, பிறகு அவர்கள். அவர்களுடைய தலைவர் என்னைப்போலவே ஒரு பெரிய கிளாக்கர், யாழ்ப்பாணத்தவர். ஆனால் உடுப்பைப் பார்த்து நான் அசந்துபோனேன். முழங்காலுக்குக் கீழே சுருக்கிக் கட்டிய அகலக் காற்சட்டை, கட்டம் போட்ட நீளக் காலுறை, டை, தொப்பி. போஸ்ட் மாஸ்டர் என் காதில், "அப்போய், இது ஒரிஜினல் துரையைவிட மோசம், நே?" என்றார்.

அவருடன் வந்த மூவரில் ஒருவர் தேயிலை ஸ்டோரில் கொழுந்தைத் தூளாக்கும் வேலையை நடத்தும் டீமேக்கர். பெருத்த உடம்பு, பெரிய குரல். அவர்தான் கங்காணியின் காலைப் பார்த்துத் தலைவரிடம் குசுகுசுத்தார். தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"குறை நினைக்காதையுங்கோ. உங்கட ஆள் சப்பாத்தில்லாமல் நிற்கிறார். விதிப்படி சரியோ எண்டு ஒரு சந்தேகம்."

என் கோட்டுப் பையில் துரை தந்த விதிப் புத்தகம் இருந்தது. நான் அதை எடுத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முதல் பக்கத்திலிருந்து வாசிக்கத் தொடங்கினேன். இருபது வருடம் ஒப்பிசுக் கடிதங்கள் வாசித்தவனுக்கு அவசரம் கிடையாது. எட்டுப் பேரும் வெயிலில் நின்றோம். பத்தாவது பக்கத்தில் தலைவர் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார்.

"பந்தைப் பற்றி இருக்கு, மட்டையைப் பற்றி இருக்கு, குழியைப் பற்றி இருக்கு. காலைப் பற்றி இதுவரைக்கும் ஒண்டுமில்லை. மிச்சத்தையும் வாசிக்கட்டோ?"

"வேண்டாம், வேண்டாம். தொடங்குவம்" என்றார் அவர். பிறகு அவரே சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பில் எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

டிஸ்பென்சர் சோடி முன்னால் போயிற்று, எதிரே டீமேக்கர் சோடி. நானும் போஸ்ட் மாஸ்டரும் தலைவர் சோடிக்கு எதிராகப் பின்னால் தொடர்ந்தோம். முதல் மூன்று குழிகளிலும் முன்னால் ஒரு சத்தமும் இல்லை. டிஸ்பென்சர் அடிப்பார், பந்து எங்காவது புதருக்குள் போகும். கங்காணி அதைக் கண்டுபிடித்து ஒரே சுண்டில் வெளியே கொண்டுவருவார். டிஸ்பென்சர் நன்றி சொல்வதில்லை. "ம், அடி" என்பார், அவ்வளவுதான். இரண்டு பேரையும் சேர்த்தது பிழையோ என்று நினைத்து, என் சொந்த அடியை இரண்டு முறை தவறவிட்டேன்.

நாலாவது குழியில் டிஸ்பென்சர் அடித்த பந்து வலப்பக்கம் வளைந்து ரப்பர் மரங்களுக்குள் போயிற்று. டொக் என்று ஒரு சத்தம், பிறகு ஒன்றுமில்லை. பின்னால் வந்த நாங்களும் சேர்ந்து எல்லோரும் தேடினோம். பால் எடுக்க வாளியோடு வந்துகொண்டிருந்த ஒரு பெண்தான் கூப்பிட்டாள்.

"ஐயா, ஒங்க உருண்ட எங் கொட்டாங்கச்சியில கெடக்குங்க."

போய்ப் பார்த்தால் உண்மைதான். மரத்தில் கம்பியால் கட்டியிருந்த சிரட்டையில், முக்கால் பங்கு ரப்பர் பாலுக்குள், பந்து பாதி முழுகிக் கிடந்தது. டீமேக்கர் தொடையில் தட்டிச் சிரித்தார். அதற்கு மேல் ஆட முடியாது, குழி தங்களுக்குத்தான் என்றார்.

"பந்து கிடக்கிற இடத்திலிருந்து அடிக்கலாம் எண்டுதான் விதி" என்றேன் நான்.

"சிரட்டைக்குள்ள இருந்தோ?"

கங்காணி மரத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். சிரட்டை அவருடைய முழங்கால் உயரத்தில் இருந்தது. குனிந்து பார்த்தார், நிமிர்ந்து குழி இருக்கும் திக்கைப் பார்த்தார். பிறகு அந்தப் பெண்ணிடம் திரும்பினார்.

"ஏம்மா, ஒரு கொட்டாங்கச்சி பாலு போனா போவட்டுமா?"

"நீங்களே கங்காணி. நீங்களே கொட்டிப்புட்டு நாளைக்கு என்னைய ஏசக் கூடாது."

எல்லோரும் சிரித்தோம், டிஸ்பென்சரைத் தவிர. அவர் எதிர்ப்பக்கம் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, அடுத்த அடிக்கு ஆயத்தமாக நின்றார். கங்காணி அவரிடம், "டாக்டரய்யா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றார். டிஸ்பென்சர் நகரவில்லை. கங்காணி மட்டையைச் சுண்டினார்.

சிரட்டை சிதறியது. பால் வெள்ளைக் குடைபோல விரிந்தது. அதற்குள்ளிருந்து பந்து தாழப் பறந்து, இரண்டு மரங்களுக்கிடையே நுழைந்து, புல்லில் மூன்று துள்ளுத் துள்ளிக் குழிக்கு ஐந்தடியில் போய் நின்றது. ஆனால் நாங்கள் யாரும் பந்தைப் பார்க்கவில்லை. டிஸ்பென்சரைப் பார்த்தோம். மூக்குக் கண்ணாடியில் பால், மீசையில் பால், கோட்டு வெள்ளை என்பதால் அதில் எவ்வளவு என்று தெரியவில்லை.

கங்காணி மட்டையைக் கீழே போட்டுவிட்டுக் கையைக் கூப்பிக்கொண்டு ஓடினார். "ஐயா, மன்னிச்சுருங்க ஐயா, தெரியாம..."

டிஸ்பென்சர் கண்ணாடியைக் கழற்றினார். பந்து கிடந்த இடத்தைக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். அவருடைய தோள்கள் குலுங்கத் தொடங்கின. எனக்கு முதலில் பயமாக இருந்தது. பிறகுதான் புரிந்தது, மனிதர் சிரிக்கிறார். பதினொரு வருடம் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருந்தோம். அந்தச் சிரிப்பை நான் அதற்கு முன் கேட்டதில்லை. மூச்சு விட முடியாமல், மீசைப் பாலைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"கங்காணியார், நீங்கள்தான் தள்ளி நில் எண்டு சொன்னியள். கேளாதது என்ர பிழை. வாங்கோ, அந்தப் பந்தை நான் உள்ளுக்குப் போடாட்டில் பாருங்கோ."

போட்டுவிட்டார். ஐந்தடியிலிருந்து, ஒரே தட்டில். பந்தில் ஒட்டிய பால் காற்றில் உறைந்து மஞ்சள் தோலாகிவிட்டது. அதற்குப் பிறகு அது எந்தச் சரிவிலும் வழுக்கவில்லை. விழுந்த இடத்தில் பிடித்துக்கொண்டு நின்றது. டீமேக்கர் கத்தினார், "இது ரப்பர்க்காரரின்ர சூழ்ச்சி!" என்று. எட்டாவது குழியிலேயே அந்த ஆட்டம் முடிந்து எங்களுக்கு வெற்றியாயிற்று. முன்னால் இருந்து டிஸ்பென்சரும் கங்காணியும் பேசிக்கொண்டு போகும் சத்தம் கேட்டது. கங்காணி மணிக்கட்டைக் காட்டிக் காட்டி என்னவோ சொன்னார். டிஸ்பென்சர் தன் மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

இனி என் ஆட்டம். கடைசிக் குழிக்கு வந்தபோது நாங்களும் தலைவர் சோடியும் சமமாக இருந்தோம். அப்போது எங்கள் சப்பிரகமுவ மாகாணத்து மழை வந்தது. அங்கே மழை தூறி அறிவித்துவிட்டு வருவதில்லை. வாளியைக் கவிழ்த்ததுபோல இறங்கும். முன்னால் முடித்தவர்கள் நாலு பேரும் மாமரத்தடிக்குப் போகாமல் எங்களைப் பார்க்க ஓடி வந்தார்கள். தலைவரின் அகலக் காற்சட்டை தண்ணீரைக் குடித்து இரண்டு குடம்போலத் தொங்கியது. நிறுத்துவோமா என்று கேட்டேன்.

"நீங்கள் நிறுத்தினால் நானும் நிறுத்துவன்" என்றார்.

"நான் நிறுத்தேல்லை."

"அப்ப நானும் இல்லை."

அவர்கள் ஆறு அடியில் குழியில் போட்டு முடித்தார்கள். எங்களுக்கு ஐந்து ஆகியிருந்தது. ஆறாவது அடி என்னுடையது. எட்டடித் தூரம். விழுந்தால் எங்கள் ஆட்டம் சமன். டிஸ்பென்சர் சோடியின் வெற்றியோடு மொத்தத்தில் வெற்றி எங்களுக்கு. தவறினால் ஆளுக்கொரு வெற்றி. போஸ்ட் மாஸ்டர் என் தலைக்கு மேலே தொப்பியைப் பிடித்துக்கொண்டு, "ஹிமின், ஹிமின், மாத்தயா. மெதுவா" என்றார்.

தள்ளினேன். பந்து தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போய், நேரே, குழியின் நடுவில் விழுந்தது. எங்கள் ஆட்கள் கத்திக் கையுயர்த்தினார்கள். உயர்த்திய கை இறங்குவதற்குள் பந்து மெல்ல மேலே வந்தது. குழி நிறையத் தண்ணீர். ஓயா பக்கத்தில் ஆடுவதால் நாங்கள் மிதக்கும் ரகப் பந்துகளையே வைத்திருந்தோம். அது குழிக்கு மேலே வந்து, ஒரு சுற்றுச் சுற்றி, புல்மேல் ஓடிய தண்ணீரோடு சேர்ந்து மறுபக்கமாக இறங்கிப் போய்விட்டது.

எல்லோரும் ஒரேயடியாகப் பேசினார்கள். விழுந்தது என்றார் டிஸ்பென்சர். வெளியே நிற்கிறதே என்றார் டீமேக்கர். நான் விதிப் புத்தகத்தை எடுத்தேன். பக்கங்கள் எல்லாம் ஒட்டிக் களியாகியிருந்தன. கடைசியில் தலைவர் கையை உயர்த்தினார்.

"நான் என்ர கண்ணால கண்டனான். விழுந்தது. வெற்றி உங்களுக்கு."

எடுத்துக்கொண்டிருக்கலாம். ஆனால் கணக்குப் பிழையான கடிதத்தில் கையெழுத்துப் போடச் சொன்னதுபோல எனக்கு மனம் ஒப்பவில்லை. "பந்து வெளியில கிடக்குது. எப்பிடி விழுந்ததாகும்?" என்றேன். அவர் விழுந்தது என்றார், நான் இல்லை என்றேன். இரண்டு பெரிய கிளாக்கர்மார் மழையில் நின்று ஆளுக்காள் மரியாதையாக மறுத்துக்கொண்டிருந்தோம்.

கங்காணிக்குப் பொறுமை போய்விட்டது. "ரெண்டு பேரும் இப்புடியே நின்னா காச்சல் வந்துரும். டாக்டரய்யாவுக்குத்தான் வேல. நான் தண்ணிய எறைக்கிறேன், ஐயா திருப்பி அடிங்க" என்று சொல்லிவிட்டு மண்டியிட்டு, இரண்டு கையாலும் குழித் தண்ணீரை அள்ளிக் கொட்டினார். டிஸ்பென்சரும் பக்கத்தில் மண்டியிட்டுத் தன் தொப்பியால் இறைத்தார்.

திரும்ப அதே இடத்திலிருந்து தள்ளினேன். இம்முறை பந்து குழிக்கு ஒரு சாண் இடப்பக்கமாகப் போயிற்று.

எனக்கு ஏமாற்றம் இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் போஸ்ட் மாஸ்டர் என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்க முயன்று, முழங்கால் மடங்கி, இருவரும் சேற்றில் உட்கார்ந்தோம். எங்களைத் தூக்க வந்த டீமேக்கரும் வழுக்கி மேலே விழுந்தார். அந்தக் கனத்தின் அடியில் கிடந்துகொண்டு நான் சிரித்தது போல வாழ்க்கையில் வேறெப்போதும் சிரித்ததில்லை.

உடுப்பைக் காய வைக்க ஒரே இடம்தான் இருந்தது: ரப்பர் சீட்டுகளுக்குப் புகை காட்டும் கூடம். அன்று நெருப்பு எரிந்துகொண்டிருந்தது. தொங்கிய சீட்டுகளுக்கு நடுவே மூங்கிலில் எட்டுக் கோட்டுகளையும் தலைவரின் காற்சட்டையையும் கட்டக் காலுறைகளையும் தொங்கவிட்டோம். கங்காணி வீட்டிலிருந்து இடுப்பில் கட்டும் கைலிச் சாரங்கள் வந்தன, என் வீட்டிலிருந்து வடையும் தேநீரும் வந்தன. கூடத்து வாசலில், மழை கொட்டுவதைப் பார்த்துக்கொண்டு, எட்டுப் பேரும் சாரத்தோடு சாக்கில் உட்கார்ந்து சாப்பிட்டோம். சாரத்தில் பார்த்தால் யார் பலாங்கொடை, யார் எஹலியகொடை, யார் கங்காணி, யார் கிளாக்கர் என்று தெரியவில்லை. வடை கொண்டுவந்த என் மனைவி எல்லோரையும் ஒருமுறை பார்த்துவிட்டு என்னிடம் கேட்டாள்:

"ஆர் வெண்டது?"

"ஒருத்தரும் இல்லை."

"அதுக்கே இவ்வளவு சந்தோசம்?"

பின்னேர பஸ்ஸுக்கு நேரமாகியும் உடுப்பு காயவில்லை. புகைதான் நன்றாக ஏறியிருந்தது. ஈர உடுப்புகளைச் சாக்கில் கட்டிக்கொண்டு, சாரத்தோடேயே அவர்கள் புறப்பட்டார்கள். சந்தியில் நின்றபோது தலைவர் சாரத்துக்கு மேலே டையைக் கட்டிக்கொண்டு, மட்டைப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். பஸ் வந்தது. கண்டக்டர் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "கொஹெத, மாத்தயா?" என்று கேட்டான்.

"பலாங்கொடை" என்றுவிட்டு அவர், ஒரு துரையின் மிடுக்கோடு சாரத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு படியேறினார்.